ஒரே கொழுந்தில் ஆறு தேயிலை

டீக்கடையின் டஸ்ட் டீயும், சின்னப் பெட்டியில் அடைத்துப் பெரிய விலைக்கு விற்கும் வெள்ளைத் தேயிலையும் ஒரே செடியின் இலைதான். கமேலியா சினென்சிஸ் என்பது அதன் தாவரப் பெயர். சீனாவின் சிற்றிலை வகை, அசாமின் பேரிலை வகை என்று இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. ஆனால் கிரீன் டீக்கு ஒரு செடி, பிளாக் டீக்கு ஒரு செடி என்று கிடையாது. செம்பருத்தி டீ, ஆவாரம்பூ டீ எல்லாம் நல்ல கஷாயங்கள். அவற்றுக்கும் தேயிலைக்கும் உறவில்லை.

பறித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் வகை பிரிகிறது. வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுத்துப் போகிறதல்லவா, தேயிலையிலும் அதுவேதான். இலை கசங்கியதும் உள்ளே தனித்தனியாக இருந்த பாலிஃபீனால்களும், அவற்றை மாற்றும் நொதியும் ஒன்றுசேர்கின்றன. காற்று பட்டதும் இலை சிவக்கத் தொடங்குகிறது. ஃபாக்டரியில் இதை ஃபெர்மென்டேஷன் என்பார்கள். பழகிப்போன பெயர், அவ்வளவுதான். இட்லி மாவு புளிப்பதுபோல நுண்ணுயிர் செய்யும் வேலை அல்ல இது. சூடு காட்டினால் நொதி செயலிழந்துவிடும், சிவப்பதும் நின்றுவிடும்.

பறித்த உடனே சூடு காட்டினால் பச்சைத் தேயிலை. அப்படிச் சூடு காட்டியதை ஈரத்தோடு பொதிந்துவைத்தால் மஞ்சள். கசக்காமல் தானாக வாடிக் காயவிட்டால் வெள்ளை. ஓரம் மட்டும் சிவந்ததும் நிறுத்தினால் ஊலாங். முழுக்கச் சிவக்கவிட்டால் நாம் தினமும் குடிக்கும் பிளாக் டீ. வடிநீரின் நிறத்தை வைத்துச் சீனர்கள் இதைச் ‘செந்தேயிலை’ என்கிறார்கள், அதுதான் பொருத்தமான பெயரும்கூட. ஆறாவது பு-எர் வகை. நுண்ணுயிர் உண்மையிலேயே வேலை செய்வது அதில் மட்டும்தான்.

இதில் நான்கு வகைகளை மெஷின் இல்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டார். அவருடைய முதல் ஃபாக்டரி அவர் குடியிருந்த பங்களாதான். வராந்தாவில் மேசை போட்டுக் கையால் இலையை உருட்டி, மண் அடுப்பில் கரி போட்டுக் கம்பித் தட்டில் காயவைத்தார்கள்.

இலையும் தராசும்

நீலகிரி, வால்பாறை, மூணாறு, ஹட்டன், நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு இலை கிடைப்பது கஷ்டமில்லை. மருந்து அடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்காமல் மட்டும் பறிக்காதீர்கள். முதல் முயற்சிக்கு 500 கிராம் போதும். பனி காய்ந்த பிறகு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுங்கள். நகத்தால் தொட்டதும் காம்பு பட்டென்று ஒடிய வேண்டும். நார் இழுத்துக்கொண்டு வந்தால் அது முற்றிய இலை. எவ்வளவு உருட்டினாலும் சுருளாது, சருகு சருகாக உதிரும்.

பறித்த இலையைப் பிளாஸ்டிக் பையில் அழுத்தி அடைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, சூடு கிளம்புகிறது. பைக்குள் கைவிட்டு வெதுவெதுப்பாக இருந்தால் நடு இலைகள் ஏற்கெனவே சிவந்துவிட்டன என்று அர்த்தம். அதில் கிரீன் டீ செய்ய முடியாது. மூங்கில் கூடையிலோ சணல் பையிலோ தளர்வாகப் போட்டு எடுத்து வாருங்கள்.

கிச்சன் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். 500 கிராம் இலையில் கடைசியில் மிஞ்சுவது 110 முதல் 120 கிராம். ஃபாக்டரிக் கணக்கும் அதுதான்: நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூள். இலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிய எடையைப் பார்த்தால் போதும். மழையில் நனைந்த இலை என்றால், மேலே உள்ள தண்ணீரை ஃபேன் காற்றில் உலர்த்திவிட்டு அப்புறம் எடை போடுங்கள்.

பிளாக் டீ: 20 மணி நேர வேலை

1. வாட்டுதல். பெரிய துண்டு ஒன்றை நிழலில் விரித்து 500 கிராம் இலையையும் அதில் பரப்புங்கள். ஒன்றின் மேல் ஒன்று குவியக் கூடாது. மாலையில் பரப்பினால் மறுநாள் காலை, அதாவது 14 முதல் 18 மணி நேரத்தில், எடை 280 முதல் 310 கிராமுக்கு இறங்கியிருக்கும். இடையில் இரண்டு தடவை மெதுவாகப் புரட்டிவிட்டால் போதும். காம்பை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையைத் திறந்தால் உருண்டை உடனே பிரியாமல் மெல்ல விரிய வேண்டும். புல் வாசனை போய்ப் பழ வாசனை தட்டும்.

கெட்டுப்போகும் தேயிலையில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே கெடுகிறது. ஃபேனை வேகமாக வைத்து நாலு மணி நேரத்தில் எடையைக் குறைத்துவிடலாம்; எடை சரியாக இருக்கும், மணம் இருக்காது. வாடும்போது தண்ணீர் மட்டும் போவதில்லை, மணத்துக்கான பொருள்கள் உருவாவதும் அப்போதுதான். அதற்குக் குறைந்தது 12 மணி நேரமாவது கொடுக்க வேண்டும். சமவெளி வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை: இலை ஓரம் மொறுமொறுப்பாகிவிடும், காம்பு பச்சையாகவே இருக்கும். அப்படியானால் மேலே ஈரத்துணியை ஒரு சாண் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். சரியாக வாடாத இலையை உருட்டினால் கிழிந்து சாறு வழிந்தோடும். அதிகம் வாடியதோ உடைந்து தூளாகும்.

2. உருட்டுதல். ஒரு தடவைக்கு 100 முதல் 150 கிராம். மூங்கில் முறத்தின் சொரசொரப்பான பக்கம் இதற்கு அருமையாக உதவும். பருத்தித் துணி மேல் உருட்டாதீர்கள், சாற்றைத் துணி குடித்துவிடும். அந்தச் சாறு இலை மேலேயே படிந்து காய்ந்தால்தான் கோப்பையில் இறங்கும். இரும்புத் தட்டும் கூடாது. துவர்ப்புச் சாறு இரும்பில் பட்டால் கறுப்பு மை போலாகிவிடும். இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, ஒரே திசையில் வட்டமாக, முதலில் லேசாக, போகப்போக அழுத்தமாக 15 நிமிடம் உருட்டுங்கள். இலை பிசுபிசுப்பாகிக் கட்டிகட்டியாகச் சேரும். கட்டியை உதிர்த்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு இன்னொரு 15 நிமிடம் உருட்டுங்கள். உதிர்க்காமல் விட்டால் கட்டியின் நடுவில் சூடேறி அந்த இடம் மட்டும் முன்னாலேயே பழுத்துவிடும். கையில் ஏறும் பழுப்புக் கறை இரண்டு நாளைக்குப் போகாது. கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

3. சிவக்கவிடுதல். பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, இலை மேல் படாதபடி ஈரத்துணியால் மூடுங்கள். 22 முதல் 26 டிகிரி வெப்பம் உகந்தது. நேரக் கணக்கை உருட்டத் தொடங்கிய நிமிடத்திலிருந்து எடுங்கள். கையால் உருட்டியதற்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். பச்சை மங்கி, செம்புக் காசின் நிறத்துக்கு வரும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் பல்பு ஏமாற்றிவிடும். நிறத்தைவிட மூக்கை நம்புவது நல்லது: வாசனை ஏறிக்கொண்டே போய் ஓர் உச்சத்துக்கு வந்து, பிறகு இறங்கி லேசான புளிப்பு தட்டும். அந்த இறக்கத்துக்கு முன்னால் அடுப்புக்குப் போய்விட வேண்டும். தொடக்கத்தில் உருவாகும் தியாஃபிளேவின்தான் டீக்குத் துடிப்பும் பளபளப்பும் தருகிறது. நேரம் போகப்போக அது தியாரூபிஜினாக மாறும். நிறம் கூடும், துடிப்பு குறையும். 30 டிகிரியைத் தாண்டினால் இந்த மாற்றம் வேகமாக ஓடிவிடும். சென்னை போன்ற ஊர்களில் இதை விடியற்காலையில் வைத்துக்கொள்வதே நல்லது.

4. காயவைத்தல். ஓவனை முன்கூட்டியே 110 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். மெல்லியதாகப் பரப்பி 15 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறுங்கள். ஈரம் வெளியேறக் கதவை ஒரு விரல் அகலம் திறந்தே வையுங்கள். பிறகு 85 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 20, 30 நிமிடம். காம்பு விரலிடுக்கில் சடக்கென்று ஒடிய வேண்டும். எடை போட்டுவிட்டு, மறுபடி 10 நிமிடம் வைத்து எடுத்துப் பாருங்கள். எடை இறங்காவிட்டால் முடிந்தது.

சூடு போதாமல் மெதுவாகக் காய்ந்தால் ஓவனுக்குள்ளேயே சிவப்பது தொடரும், டீ வெந்த கீரை மாதிரி மந்தமாக இருக்கும். சூடு அதிகமானால் மேல்புறம் ஓடு கட்டி உள்ளே ஈரம் தங்கும். அது டப்பாவில் ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான வாணலியில் சிறு தீயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிக் காயவைக்கலாம். வறுத்த வாடை கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் அடைத்து, ஒரு வாரம் கழித்துக் குடியுங்கள். அன்றைக்கே குடித்தால் அடுப்பு வாடைதான் முன்னால் நிற்கும்.

இது ஆர்த்தடாக்ஸ் முறை. இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி இப்படி ரோலரில் உருட்டியதுதான். இந்தியாவிலோ பெரும்பகுதி சி.டி.சி: பல் வைத்த இரண்டு எஃகு உருளைகள், ஒன்று மெதுவாகவும் மற்றது ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்திலும் எதிரெதிராகச் சுழன்று இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிவிடும். 1930 வாக்கில் அசாமில் வந்த மெஷின் இது. செல் அனைத்தும் உடைவதால் ஒரு மணி நேரத்துக்குள் சிவந்துவிடும், பாலுக்கு ஈடுகொடுக்கும் திடமான வடிநீர் கிடைக்கும். வீட்டில் இதற்கு மிக்ஸி உதவாது. பிளேடு வெட்டுமே தவிர நசுக்காது, சூடும் ஏறும். கையால் சுற்றி இறைச்சி அரைக்கும் மெஷினில் வாடிய இலையை மூன்று தடவை விட்டு எடுத்தால் ஓரளவு கிட்டத்தில் வரும்.

பாக்கெட்டில் உள்ள ஓ.பி, பி.ஓ.பி, டஸ்ட் போன்ற எழுத்துகள் துண்டின் அளவைச் சொல்பவை. தரத்தைச் சொல்பவை அல்ல. டஸ்ட் என்றால் கூட்டிப் பெருக்கிய குப்பை என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சல்லடையில் கடைசியாக இறங்கும் மிக நுண்ணிய துண்டுதான் அது. டீக்கடை வடிகட்டியில் நிமிடத்தில் சாறு இறக்க அதைவிடத் தோதானது இல்லை.

பச்சைத் தேயிலை: அரை மணி நேரப் பரபரப்பு

இங்கே எல்லாமே வேகம். இளம் கொழுந்தாகப் பார்த்து எடுங்கள். நம் பக்கத்து அசாம் வகை இலையில் கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டகின் அதிகம், முற்றிய இலையோ சரியாகச் சுருளாது. ஒன்றிரண்டு மணி நேரம் நிழலில் பரப்பிவைத்துவிட்டுச் சூடு காட்டலாம்.

சீன முறைக்கு இருப்புச் சட்டி. தாளித்த வாசனை துளிகூட இருக்கக் கூடாது. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், சோம்பு வாசனையில் கிரீன் டீ யாருக்கும் பிடிக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் துள்ளி ஓடி உடனே மறையும் சூட்டில், 100 கிராம் இலை மட்டும் போட்டுக் கைவிடாமல் தூக்கித் தூக்கிப் போடுங்கள். பட்பட்டென்று சத்தம் வரும், ஆவி கிளம்பும். நாலைந்து நிமிடத்தில் பளபளப்பு மங்கி, காம்பு ஒடியாமல் வளையும். உடனே முறத்தில் கொட்டி விசிறுங்கள். அதிகம் போட்டால் சூடு இறங்கி, நொதி சாகாமல் வேலையைக் காட்டிவிடும். பத்து நிமிடத்தில் காம்பும் நரம்பும் சிவப்பதைப் பார்க்கலாம். கிளறக் கை சுணங்கினால் கருகல் புள்ளிகள் விழும்.

ஜப்பானிய முறைக்கு இட்லிப் பானை போதும். ஆவி நன்றாக வந்த பிறகு, தட்டில் துணி போட்டு ஒரே அடுக்காக இலையைப் பரப்பி 40 முதல் 60 வினாடி. எடுத்ததும் விசிறி ஆற்றுங்கள். தாமதித்தால் வெந்த முருங்கைக்கீரை நிறம்தான். சரியாக வந்தால் நிறம் சட்டி முறையைவிடப் பளிச்சென்று இருக்கும்.

இரண்டு முறைக்கும் பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் மென்மையாக உருட்டி, 90 டிகிரியில் அரை மணி நேரம் காயவையுங்கள். சீனாவில் ஹாங்ஜோ ஊரின் லோங்ஜிங் தேயிலையை உருட்டுவதே இல்லை. சட்டியிலேயே உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்குகிறார்கள். மாட்சா இன்னொரு தனிக் கதை: பறிப்பதற்குச் சில வாரம் முன்பே செடிக்கு நிழல் போட்டு, ஆவி காட்டி, உருட்டாமல் காயவைத்து, காம்பு நரம்பு நீக்கிக் கல்லில் அரைத்த மாவு அது. சாதாரண கிரீன் டீயை மிக்ஸியில் பொடித்தால் மாட்சா ஆகாது.

வெள்ளை, மஞ்சள், ஊலாங்

வெள்ளைத் தேயிலைதான் வேலை குறைந்ததும் பொறுமை அதிகம் கேட்பதும். மொட்டு மட்டும், அல்லது மொட்டும் ஓர் இலையும். முறத்தில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் 36 முதல் 72 மணி நேரம் விடுங்கள். புரட்டவும் வேண்டாம், கசங்கிய இடம் கறுத்துவிடும். முக்கால்வாசி காய்ந்ததும் 50 டிகிரியில் வைத்து மொறுமொறுப்பாக்குங்கள். மழை நாளில் தொடங்காதீர்கள். ஈரக் காற்றில் மொட்டு வெள்ளி நிறம் போய்க் கறுத்துவிடும். ஃபூஜியான் மாகாணத்தின் ஃபூடிங், ஜெங்ஹே இரண்டும் இதற்குப் பேர்போன ஊர்கள்.

மஞ்சள் தேயிலை சீனாவிலேயே அபூர்வம். சூடு காட்டிய இலையைச் சூடும் ஈரமும் இருக்கும்போதே துணியிலோ தாளிலோ பொதிந்துவைத்துப் புழுங்கவிடுவார்கள், சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை. பச்சை வாடை போய்ப் பதமாகும். பழகாத கையில் ஊசிப்போவதற்கே வாய்ப்பு அதிகம், இதை விட்டுவிடலாம்.

ஊலாங்குக்கு இளம் கொழுந்து ஆகாது. மூன்று நான்கு இலை விரிந்த, சற்றே முற்றிய தண்டு வேண்டும். மாலை இளவெயிலில் அரை மணி நேரம் வைத்து, நிழலுக்கு எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு முறத்தில் போட்டு அரிசி புடைப்பது போலப் புடைக்க வேண்டும்: முதலில் ஒரு நிமிடம், ஒரு மணி நேர ஓய்வு, அப்புறம் இரண்டு நிமிடம், ஓய்வு, இப்படி நாலைந்து சுற்று. இலைகள் மோதி ஓரம் மட்டும் நசுங்கும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். ஓரத்தில் செம்மண் கோடு போல ஒரு வரி ஓடும்போது அறை முழுக்கப் பூ வாசனை வரும். அப்போது சட்டியில் சூடு காட்டி, உருட்டி, காயவையுங்கள். முதல் சுற்றிலேயே ஆவேசமாகப் புடைத்தால் இலை முழுக்க அடிபட்டு, அரைகுறை பிளாக் டீ ஆகிவிடும். அன்ஷியின் தியேகுவான்யின், வூயி மலையின் பாறைத் தேயிலை, தைவானின் டோங் டிங் எல்லாம் இந்தக் குடும்பம்தான். எவ்வளவு சிவக்கவிட்டார்கள், எவ்வளவு வறுத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

வீட்டில் செய்யக் கூடாத ஒன்று

யுன்னான் மாகாணத்தின் பு-எர் இரண்டு விதம். வெயிலில் காயவைத்த பேரிலையை அடையாக அழுத்தி ஆண்டுக்கணக்கில் முதிரவிடுவது ‘ஷெங்’. அந்த முதிர்ச்சியைச் சீக்கிரம் கொண்டுவர, 1970களில் குன்மிங்கில் உருவாக்கிய முறை ‘ஷூ’. டன் கணக்கில் இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து மூடி, ஒன்றரை மாதம் போல அவ்வப்போது புரட்டிக்கொண்டே இருப்பார்கள். குவியலின் உள்ளே 50, 60 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டைத் தக்கவைக்க அவ்வளவு பெரிய குவியல் வேண்டும். இரண்டு கிலோ இலையைச் சமையலறை மூலையில் ஈரமாக மூடிவைத்தால் சூடேறாது, எந்தப் பூஞ்சை வளர்கிறது என்றும் சொல்ல முடியாது. அதைக் குடிக்காதீர்கள். பு-எர் மட்டும் வாங்கியே குடியுங்கள்.

செய்ததைச் சோதிப்பது

ஐஎஸ்ஓ 3103 தரமுறைப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடிவைத்து 6 நிமிடம். இது குறையைக் கண்டுபிடிக்கும் அளவு. ருசித்துக் குடிக்க பிளாக் டீக்கு 3 நிமிடம் போதும். கிரீன் டீயை ருசித்துக் குடிக்கத் தண்ணீர் 75 முதல் 80 டிகிரி, நேரம் 2 நிமிடம். தெர்மாமீட்டர் இல்லையா? கொதித்த தண்ணீரை ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் தோராயமாக 10 டிகிரி இறங்கும். இரண்டு தடவை ஆற்றினால் சரியாக இருக்கும்.

வடித்த பிறகு சக்கையைத் தட்டில் கொட்டிப் பாருங்கள், செய்த தவறெல்லாம் அதில்தான் தெரியும். பிளாக் டீ சக்கை புதுச் செம்பு போல ஒரே சீராக இருக்க வேண்டும். நடுநடுவே பச்சைத் திட்டுகள் இருந்தால் உருட்டியது போதவில்லை. சாணி நிறத்தில் மங்கியிருந்தால் சிவக்கவிட்ட நேரமோ சூடோ அதிகம். விரியாமல் விறைத்துக் கிடந்தால் காயவைத்த சூடு அதிகம். பால் ஊற்றியும் பார்க்கலாம்: பொன்னிறம் வந்தால் நல்லது, சாம்பல் கலந்த பழுப்பு என்றால் பழுத்துப்போனது. கிரீன் டீ சக்கையில் சிவந்த காம்புகள் தெரிந்தால் சட்டி சூடு போதவில்லை.

சோதித்த பிளாக் டீயில் அரைக் கோப்பையைப் பால் சேர்க்காமல் ஓரமாக ஆறவிடுங்கள். முழுக்க ஆறியதும் பால் கலந்ததுபோல மேகம் படர்ந்தால் கெட்டுப்போனது என்று கொட்டிவிட வேண்டாம். தியாஃபிளேவினும் காஃபீனும் சேர்ந்து திரள்வதால் வருவது அது. திரும்பச் சூடாக்கினால் தெளிந்துவிடும். மேகம் அடர்த்தியாகவும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறமாகவும் இருந்தால் அந்தத் தடவை வாட்டியதும் சிவக்கவிட்டதும் சரியாக இருந்திருக்கின்றன. அந்த மணி நேரங்களையும் எடைகளையும் டப்பா மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.